ல்யூயிஸ் ல்யாக்: ஒரு கட்டலான் பாடகரின் வாழ்வை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ல்யூயிஸ் ல்யாக்கின் வாழ்க்கையைச் சுருக்கிச் சொல்ல முற்படுவோர் பெரும்பாலும் ‘பாடகராக இருந்தார், பிறகு அரசியலுக்கு வந்தார்’ என்ற ஒற்றை வரியில் முடித்துவிடுகின்றனர். அந்த வரியில் உள்ள ‘பிறகு’ என்ற சொல்தான் எல்லாத் தவறுகளுக்கும் தாய். 1968இல், இருபது வயதில், அவர் எழுதிய ஒரு பாடலுக்கு, ஸ்பெயினை ஆண்ட ஃபிராங்கோவின் சர்வாதிகார அரசு தடை விதித்தது. அன்று முதலே அவர் அரசியலில்தான் இருந்தார். 2015இல் ஸ்பெயினின் வடகிழக்குப் பகுதியான கட்டலோனியாவின் நாடாளுமன்றத்தில் அவர் போய் அமர்ந்தது புதிய பாதையின் தொடக்கம் அன்று. இதை மனத்தில் கொள்ளாமல் எழுதினால், ஆண்டுகளும் பெயர்களும் சரியாக இருந்தாலும் வாழ்க்கை பிழையாகவே பதிவாகும்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். Llach என்ற எழுத்துகளைப் பார்த்து ‘லாச்’ என்றோ ‘லாஷ்’ என்றோ தமிழில் எழுதுவது பிழை. கட்டலான் மொழியில் இரட்டை ‘ல’ எழுத்து, நடுநாக்கு அண்ணத்தில் படும்படி ‘ல்ய’ என ஒலிக்கிறது. பெயரின் இறுதியில் வரும் ‘ch’ பழைய எழுத்து வழக்கு, அதன் ஒலி ‘க்’. ஆகவே ல்யாக் என்பதே மூல ஒலிக்கு நெருக்கமானது. அவரை வெறுமனே ‘ஸ்பானியப் பாடகர்’ என்பதும், கட்டலான் மொழியை ஸ்பானிய மொழியின் வட்டார வழக்கு என்பதும் இதைவிடக் கடுமையான பிழைகள். லத்தீனிலிருந்து பிறந்த தனி மொழி அது. தெற்குப் பிரான்சின் ஒக்சிதான் மொழிக்கு நெருங்கிய உறவு. 1939 முதல் 1975 வரை நீடித்த ஃபிராங்கோ ஆட்சி அந்த மொழியைப் பள்ளியிலிருந்தும் அரசு அலுவலிலிருந்தும் விலக்கி வைத்திருந்த நிலையில், மேடையேறி அதில் பாடுவதே ஓர் எதிர்ப்புச் செயலாக இருந்தது. பாடலின் பொருள் காதலாக இருந்தாலும் அப்படித்தான்.

எதிர்ப்புப் பாடகர் என்றவுடன் ஒடுக்கப்பட்ட ஏழைக் குடும்பம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளும் பழக்கமும் தவிர்க்கத் தக்கது. 1948 மே 7 அன்று ஜிரோனாவில் பிறந்து வெர்ஜஸ் என்ற சிற்றூரில் வளர்ந்த ல்யாக்கின் தந்தை மருத்துவர். ஃபிராங்கோ காலத்திலேயே அவ்வூரின் மேயராகவும் இருந்தவர். தாயார் ஆசிரியர். ஆட்சிக்கு இணங்கிய வீட்டில் வளர்ந்த ஒருவர் அதற்கு எதிராகத் திரும்பினார் என்பதுதான் இந்த வரலாற்றில் விளக்கம் கோரும் இடம். அதை மறைத்தால் அந்தத் திருப்பத்தின் எடையும் மறைந்துபோகும்.

1967இல் அவர் சேர்ந்த பாடகர் குழுவின் பெயர் ‘எல்ஸ் செட்ஸா ஜுட்ஜஸ்’, அதாவது ‘பதினாறு நீதிபதிகள்’. இதை நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டு நீதிமன்றத்தோடு தொடர்புபடுத்திவிடக் கூடாது. கட்டலான் குழந்தைகள் நாக்குப் புரளச் சொல்லிப் பழகும் ஒரு தொடரிலிருந்து எடுக்கப்பட்ட பெயர் அது. 1960களின் தொடக்கத்தில் ஒரு சிலரால் தொடங்கப்பட்டு, ஆள் ஆளாகச் சேர்ந்து பதினாறாகும் என்ற எண்ணத்தோடு வளர்ந்த குழு; பதினாறாவதாக, கடைசியாக வந்தவர் ல்யாக். ஜுவான் மானுவல் செராட்டும் மரியா டெல் மார் போனெட்டும் இதே குழுவினர். பலர் இக்குழுவில் சேர்த்து எழுதும் ராய்மோன் இதில் இல்லை. வலென்சியப் பகுதியின் ஷாத்திவா ஊரைச் சேர்ந்த அவர், ‘நோவா கன்சோ’ எனப்பட்ட புதிய பாடல் இயக்கத்தின் தனிப் பெரும் குரல்.

இனி, தடைக்குள்ளான அந்தப் பாடல்: ‘லெஸ்தாகா’. 1968இல் இயற்றப்பட்ட இந்தப் பாடலின் தலைப்பைத் ‘தூண்’ என்று மொழிபெயர்த்துவிட்டால் பாடலே கைநழுவிப் போகும். தூண் தாங்குவது, லெஸ்தாகா கட்டிவைப்பது. மாட்டைக் கட்ட நிலத்தில் அடித்து நிறுத்தும் முளை அது. ‘கட்டுத்தறி’ என்ற நம் பழஞ்சொல் அதற்கு அப்படியே பொருந்துகிறது. விடியற்காலையில் வீட்டு வாசலில் அமர்ந்து முதியவர் ஒருவர் இளைஞனிடம் பேசுகிறார்: நாம் எல்லோரும் ஒரே தறியில் கட்டப்பட்டிருக்கிறோம், நீ அந்தப் பக்கம் இழு, நான் இந்தப் பக்கம் இழுக்கிறேன், உளுத்துப்போன தறி விழுந்தே தீரும். சர்வாதிகாரியின் பெயரோ நாட்டின் பெயரோ பாடலில் இல்லை. ஆகவே ‘ஃபிராங்கோவைத் தாக்கி எழுதப்பட்ட பாடல்’ என்று மட்டும் குறிப்பிடுவது, அது எல்லை தாண்டிப் பரவியதற்கான காரணத்தையே இழந்துவிடும் குறிப்பாகும். பாடலில் வரும் சிசெட் தாத்தாவைக் கற்பனைப் பாத்திரம் என்று எழுதுவதும் சரியன்று. ல்யாக் சிறுவயதில் பேசிப் பழகிய, வெர்ஜஸில் முடிதிருத்துநராக இருந்த நர்சிஸ் ல்யான்சா என்ற முதியவரே அந்தச் சிசெட். சிசெட் என்பது நர்சிஸ் என்ற பெயரின் செல்லச் சுருக்கம்.

பாடல் தடை செய்யப்பட்ட காலத்தில் ல்யாக் மேடையில் இசையை மட்டும் வாசிப்பார், சொற்களை அரங்கம் பாடும். நான் அறிந்தவரை ஒரு பாடலுக்குக் கிடைத்த மரியாதைகளில் இதற்கு மேலான ஒன்றில்லை. ‘தடையால் பாடல் மௌனமாயிற்று’ என்று எழுதுவோர் கவனிக்க வேண்டியது இதைத்தான்: தடை பாடகரின் வாயை அடைத்தது, பாடலை ஆயிரம் வாய்களுக்கு மாற்றியது.

போலந்தில் இப்பாடல் பெற்ற மறுபிறவி குறித்தும் தவறான செய்திகள் உலவுகின்றன. போலந்துப் பாடகர் யாத்செக் கச்மார்ஸ்கி 1978இல் எழுதிய ‘மூரி’, அதாவது ‘சுவர்கள்’, ல்யாக் பாடலின் மெட்டில் அமைந்தது. ஆனால் அது மொழிபெயர்ப்பு அன்று. கச்மார்ஸ்கியின் பாடலில் ஒரு பாடகன் மக்களைத் தட்டி எழுப்புகிறான். கூட்டம் பாடலைப் பறித்துக்கொண்டு தெருவில் இறங்குகிறது. இறுதியில் அவன் தனித்து நிற்க, சுவர்கள் மீண்டும் உயர்கின்றன. கூட்டத்தின் வேகத்தைக் கண்டு அஞ்சிய ஒருவரின் எச்சரிக்கை அது. ஆயினும் சாலிடாரிட்டி தொழிற்சங்க இயக்கத்தினர் அதை வெற்றி முழக்கமாகவே பாடினர். 2020இல் பெலாரஸ் வீதிகளில் அப்பாடலின் பெலாரஸ் மொழி வடிவம் மீண்டும் ஒலித்தது. பிரான்சின் பெர்ப்பினியானில் ரக்பி அணி ஒன்றின் ரசிகர்கள் கட்டலான் பாடலையே ஆட்டத்திற்கு ஆட்டம் பாடிவருகின்றனர். இத்தனை கைகள் பட்ட பாடலை ஒரே பாடலாக எண்ணி, போலந்து வரிகளை ல்யாக்கின் வரிகள் என்று மேற்கோள் காட்டிவிடக் கூடாது.

அவர் 1970களின் தொடக்கத்தில் பாரிஸுக்குப் புலம்பெயர்ந்ததையும், 1973இல் அங்கே ஒலிம்பியா அரங்கில் பாடியதையும், ஃபிராங்கோ 1975 நவம்பரில் இறந்தபின் 1976 ஜனவரியில் பார்சிலோனா விளையாட்டு அரங்கில் நிகழ்ந்த கச்சேரிகளையும் எழுதிவிட்டு, ‘இத்துடன் போராட்டம் முடிந்தது’ என்று கதையை நிறைவு செய்வது அடுத்த பிழை. அந்தக் கச்சேரிகள் நடந்த இரண்டே மாதங்களில், 1976 மார்ச் 3 அன்று, பாஸ்க் பகுதியின் வித்தோரியாவில் தேவாலயத்தில் கூடியிருந்த வேலைநிறுத்தத் தொழிலாளர்கள் மீது காவல்துறை நடத்திய தாக்குதலில் ஐவர் கொல்லப்பட்டனர். சர்வாதிகாரி மண்ணுக்குள் இருந்தார். துப்பாக்கிகள் அப்படியே இருந்தன. அந்த ஐவருக்காக அவர் எழுதிய நீண்ட இரங்கல் இசைப்படைப்புதான் ‘கம்பனாடஸ் ஆ மோர்ட்ஸ்’, சாவு மணியோசை. ல்யாக்கை ஒரே ஒரு பாடலின் ஆசிரியராக மட்டும் அறிந்திருப்போருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இப்படைப்பையே. முப்பதாண்டு நிறைவையொட்டி 2006இல் அதே வித்தோரியாவுக்குச் சென்று அதை மீண்டும் நிகழ்த்தினார்.

ஜனநாயகம் வந்தபின்னும் அவர் ஆட்சியாளர்களோடு இணக்கமாகிவிடவில்லை. 1982இல் நேட்டோ ராணுவக் கூட்டணியை எதிர்த்துப் பேசி ஆட்சிக்கு வந்த சோஷலிசக் கட்சி, 1986இல் நேட்டோவில் நீடிக்கும்படி மக்களிடம் வாக்குக் கேட்டது. தேர்தல் வாக்குறுதிகளை மீறியதற்காக பிரதமர் ஃபெலிப்பே கொன்சாலஸின் அரசுமீது ல்யாக் வழக்கே தொடுத்தார். இந்த வழக்கை விட்டுவிட்டு எழுதப்படும் குறிப்புகளில்தான் 2015 திடீரென்று முளைத்ததுபோல் தோன்றுகிறது.

2007 மார்ச்சில் வெர்ஜஸிலேயே கடைசிக் கச்சேரியை நடத்திவிட்டு மேடையை விட்டு விலகினார். தாய்வழி ஊரான பொரேராவில் திராட்சைத் தோட்டமும் மதுத் தயாரிப்பும், 2012இல் முதல் நாவலும் என்று அவருடைய நாட்கள் சென்றன. மேடைப் புகழ் சூடாக இருக்கும்போதே அதை வாக்காக மாற்றிக்கொண்டார் என்று குற்றம் சாட்டுவோர், இடையில் உள்ள எட்டு ஆண்டுகளைக் கணக்கில் கொள்வதில்லை.

2015 செப்டம்பர் 27 தேர்தலை எழுதும்போது எண்களில் கவனம் தேவை. ஸ்பெயினிலிருந்து விடுதலை என்ற கோரிக்கையை முன்வைத்த ‘ஜுன்ஸ் பெல் சி’ கூட்டணியில், எந்தக் கட்சியையும் சேராதவராக, ஜிரோனா தொகுதியின் வேட்பாளர் பட்டியலுக்குத் தலைமை தாங்கினார் ல்யாக். அவருக்குக் கீழே அதே தொகுதிப் பட்டியலில் இருந்த கார்லஸ் புஜ்தமோன் 2016 ஜனவரியில் கட்டலோனிய அரசின் தலைவரானார். ல்யாக் அமைச்சராகவில்லை, உறுப்பினராகவே இருந்தார். கூட்டணிக்கு 135இல் 62 இடங்கள், இடதுசாரி விடுதலைக் கட்சியான குப்புக்கு 10 இடங்கள். இடங்களில் பெரும்பான்மை கிடைத்தது உண்மை. ஆனால் இரண்டும் சேர்ந்து பெற்ற வாக்குகள் ஏறத்தாழ 47.8 சதவீதம்தான். ‘மக்களில் பெரும்பான்மையினர் விடுதலைக்கு வாக்களித்தனர்’ என்ற வாசகம் இந்த எண்ணோடு பொருந்தாது. 2017 அக்டோபர் 27 அன்று நாடாளுமன்றம் விடுதலைத் தீர்மானத்தை நிறைவேற்ற, அன்றே மாட்ரிட்டிலுள்ள ஸ்பெயின் அரசு அந்த மன்றத்தைக் கலைத்தது. டிசம்பரில் நடந்த தேர்தலில் ல்யாக் போட்டியிடவில்லை.

அவரை நேசிப்பவர்களும் ஒரு தவறு செய்கின்றனர்: சங்கடமான பக்கத்தைத் தாண்டிச் செல்கின்றனர். 2017 ஏப்ரலில் பொதுக்கூட்டங்களில் பேசியபோது, புதிய குடியரசின் இடைக்காலச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் அதற்குக் கீழ்ப்படியாத அரசு ஊழியர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்ற பொருளில் அவர் கூறியது பெருஞ்சர்ச்சையானது. கட்டுத்தறியைப் பிடுங்கச் சொன்ன வாயிலிருந்து அந்தச் சொற்கள் வந்தது எனக்கு வருத்தம் அளித்தது. அதே வேளையில், அந்த ஒரு பேச்சை வைத்து ஐம்பது ஆண்டுகளின் பாடல்களைப் பொய் என்று தள்ளுவோரோடும் என்னால் உடன்பட இயலவில்லை. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுவதுதான் நேர்மை.

2017ஓடு அவருடைய பொதுவாழ்வு முடிந்ததாக எழுதப்படும் குறிப்புகளும் திருத்தப்பட வேண்டும். 2024இல், 76 வயதில், கட்டலான் தேசியப் பேரவையின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெயரைக் கண்டு அதை ஒரு சட்டமன்றம் என்றோ கட்சி என்றோ கொண்டுவிடக் கூடாது. 2012இல் நிறுவப்பட்டு, பல லட்சம் பேரைப் பார்சிலோனாவின் தெருக்களில் திரட்டிய குடிமக்கள் அமைப்பு அது.