பிள்ளைத்தாய்ச்சிக்கு எந்த மீன் வாங்குவது?

கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் மீன் வாங்கும்போது முதலில் கவனிக்க வேண்டியது, அந்த மீன் எவ்வளவு பெரியது, எதைத் தின்று வளர்ந்தது என்பதையே. கடலில் கலக்கும் பாதரசம் நுண்ணுயிர்களால் மெத்தில் பாதரசமாக மாறி, சிறு மீன்களைத் தின்னும் பெரிய மீன்களின் சதையில் ஆண்டுக்கணக்காகச் சேர்கிறது. அது நஞ்சுக்கொடி வழியே கருவின் மூளையை எட்டுகிறது. தாய்ப்பாலிலும் சிறிதளவு கலக்கிறது. கழுவினாலும் வேகவைத்தாலும் அது நீங்காது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அளவீட்டின்படி, ஒரு கிலோ சுறாவில் சராசரியாக ஏறத்தாழ 1 மில்லிகிராம் பாதரசம் இருக்க, மத்தி (சாளை) வகையில் 0.013 மில்லிகிராம் மட்டுமே உள்ளது.

இங்கேதான் நம் கரையின் வழக்கம் இடறுகிறது. பால் சுரக்கும் என்று பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டு கொடுப்பது இராமேசுவரம் முதல் தொண்டி வரை வீட்டுக்கு வீடு உண்டு. பால்சுறா சிறிய இனந்தான். ஆனால் துண்டு போட்டு விற்கும்போது அது பால்சுறாவா, பெருஞ்சுறாவின் குட்டியா என்று யாரால் சொல்ல முடியும்? அதே பூண்டு, சின்ன வெங்காயம், மஞ்சளோடு கிழங்கானை அவித்து, முள் எடுத்து, உதிர்த்துப் புட்டுச் செய்யலாம், மாமியார் மறுக்கமாட்டார். காரல் சொதியும் நல்லது. மயில்மீன், பெரிய சீலா, பெரிய வஞ்சிரம் ஆகியவற்றையும் இக்காலத்தில் தவிர்க்கலாம். சாளை, நெத்திலி, காரல், கிழங்கான், கணவாய், இறால் ஆகியவற்றை மாற்றி மாற்றி, வாரத்துக்கு 225 முதல் 340 கிராம் வரை, இரண்டு மூன்று வேளையாக உண்ணலாம்.

நாட்டுப்படகில் அன்று காலை கரைசேர்ந்த மீனே உத்தமம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான விசைப்படகுத் தடைக்காலத்தில், வெளியூரிலிருந்து ஐஸில் வரும் மீனா என்று கேட்டே வாங்க வேண்டும். செவுள் சிவந்து, கண் பிதுங்கி, விரலால் அழுத்திய குழி உடனே நிரம்ப வேண்டும். வயிறு வெடித்த சாளையை விட்டுவிடுங்கள். வெயிலில் கிடந்த சாளையிலும் சூரையிலும் உருவாகும் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள், எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அழியாது.

நண்டும் இறாலும் உள்வரை வெந்திருக்க வேண்டும். கருவாட்டில் உப்பு மிகுதி. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஒதுக்குவதே நல்லது. ஏற்கெனவே ஓரிரு முறை சுறாப் புட்டு உண்டிருந்தால் பதற வேண்டியதில்லை. இனி நிறுத்திவிட்டு, அடுத்த பரிசோதனையின்போது மருத்துவரிடம் தெரிவித்தால் போதும்.