மரோஜான் பற்றி எழுதும்போது சறுக்கும் இடங்கள்

ஜெர்மனி மகளிர் கால்பந்து அணியின் முன்னாள் நடுக்கள வீராங்கனை ஜெனிஃபர் மரோஜான். 112 சர்வதேச ஆட்டம், 33 கோல், ஒரு ஒலிம்பிக் தங்கம், ஒரு யூரோ கோப்பை, ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக்கில் ஆறு பட்டம். கணக்கு சரிதான். ஆனால் இந்த ஒற்றை வரியை மட்டும் நம்பி அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால், பத்திக்கு ஒரு பிழை வரும்.

முதல் சறுக்கல் பெயரிலேயே. Dzsenifer Marozsán என்பதை ஆங்கிலம்போல் எழுத்துக்கூட்டிப் படித்து ‘டிசெனிஃபர் மரோஸ்சான்’ என்று எழுதுகிறார்கள். அது ஹங்கேரிய எழுத்துமுறை. அதில் டி, இசட், எஸ் மூன்றும் சேர்ந்தால் ஒரே எழுத்து. ஒலி நம் ‘ஜ’. ஆக, அவர் சாதாரண ஜெனிஃபர்தான். குடும்பப்பெயரில் உள்ள இசட்-எஸ் கூட்டு இன்னும் மென்மையானது; தமிழில் அதற்கு எழுத்தில்லை, ‘ஜ’ போட்டால் கிட்டத்தில் வரும். ஹங்கேரிய ஏடுகளில் குடும்பப்பெயர்தான் முதலில் நிற்கும். அதைப் பார்த்துவிட்டு ஜெனிஃபரைக் குடும்பப்பெயர் ஆக்கிவிடக் கூடாது.

பிறந்தது 1992 ஏப்ரல் 18, புடாபெஸ்டில். அப்பா யானோஷ் மரோஜான் ஹங்கேரி தேசிய அணிக்கு ஆடியவர். 1996இல் அவர் சார்ப்ரூக்கன் கிளப்பில் சேர்ந்தபோது குடும்பம் ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்தது. மகளும் அதே ஊரில்தான் வளர்ந்தார். 14 வயது 7 மாதத்தில் ஜெர்மனியின் முதன்மை லீக்கான மகளிர் பூண்டஸ்லிகாவில் களமிறங்கினார், 15 வயது 4 மாதத்தில் முதல் கோல். இரண்டுமே அப்போது லீக்கின் மிக இளைய வயதுச் சாதனைகள். இங்கே ‘மகளிர்’ என்ற சொல்லை விட்டுவிட்டால், ஆண்கள் லீக்கின் சாதனைப் பட்டியலோடு குழம்பிப்போகும்.

கிளப் பெயர்களும் காலை வாரும். ‘1. எஃப்சி சார்ப்ரூக்கன்’, ‘1. எஃப்எஃப்சி ஃபிராங்ஃபர்ட்’ ஆகியவற்றின் முன்னால் நிற்கும் 1, பெயரின் ஒரு பகுதி. அதை ‘முதலிடம் பிடித்த’ என்றோ ‘முதல்நிலை அணி’ என்றோ மொழிபெயர்க்க வேண்டியதில்லை. 2009 முதல் 2016 வரை அவர் ஆடியது அந்த எஃப்எஃப்சி ஃபிராங்ஃபர்டில். அது ஐன்ட்ராக்ட் ஃபிராங்ஃபர்டோடு இணைந்தது 2020இல்தான். 2016இல் போன ‘ஒலிம்பிக் லியோன்’ பிரெஞ்சு கிளப். ஒலிம்பிக் போட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 2021இல் அமெரிக்காவின் ஓஎல் ரெய்ன் அணிக்கு ஆடியது லோனில், அதாவது லியோனிலிருந்து தற்காலிகமாகப் போய். ஒலிம்பிக் லியோனின் சுருக்கமும் ஓஎல் என்பதால், ஒன்றின் கோலை இன்னொன்றின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

பட்டக் கணக்கில்தான் பெரிய பிழைகள். லியோன் 2016 முதல் 2020 வரை தொடர்ந்து ஐந்து முறை சாம்பியன்ஸ் லீக் வென்றது. மரோஜான் லியோனில் இருந்தாரே என்று ஐந்தையும் அவர் பெயரில் சேர்த்துவிடுவார்கள். 2016 இறுதியாட்டம் மே மாதம் முடிந்துவிட்டது. அவர் வந்தது அதற்குப் பிறகுதான். சரியான பட்டியல்: 2015இல் ஃபிராங்ஃபர்டோடு ஒன்று, பிறகு லியோனோடு 2017, 2018, 2019, 2020, 2022. கடைசிப் பட்டத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. அந்த ஆண்டு ஏப்ரலில் செர்பியாவுக்கு எதிராக ஆடும்போது அவருக்கு முழங்காலில் ஏசிஎல் என்னும் இணைப்பு நார் கிழிந்தது. மே மாத இறுதியாட்டத்தில் களத்தில் இல்லை. ‘பட்டம் வென்ற அணியில் இருந்தார்’ என்று எழுதலாம். ‘இறுதியாட்டத்தில் ஆடினார்’ என்று எழுதக் கூடாது.

‘உலகக் கோப்பை வென்றவர்’ என்பதும் அடிக்கடி கண்ணில் படுகிறது. 2010இல் அவர் வென்றது 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை. ஜெர்மனி பெண்கள் சீனியர் உலகக் கோப்பையை வென்ற 2003, 2007 ஆண்டுகளில் அவர் பள்ளிச் சிறுமி. இன்னொரு வியப்பு: ஜெர்மனியின் ஆண்டின் சிறந்த வீராங்கனை விருதை 2017, 2018, 2019 என மூன்று முறை வாங்கியவருக்கு ஒரு பூண்டஸ்லிகா பட்டம்கூட இல்லை. ஃபிராங்ஃபர்ட் கடைசியாக லீக்கை வென்றது 2008இல், அவர் சேர்வதற்கு முந்தைய ஆண்டு. மூன்று விருதும் பிரான்ஸில் ஆடிக்கொண்டிருந்தபோது வந்தவை.

2018 விருதுகளையும் பிரித்துச் சொல்ல வேண்டும். ஃபிஃபா விருதின் கடைசி மூவரில் அவர் இருந்தார், வென்றவர் பிரேசிலின் மார்த்தா. பெண்களுக்கு அந்த ஆண்டு முதன்முறையாகக் கொடுத்த பாலோன் தோர் வேறு விருது. அதில் நார்வேயின் ஹெகர்பெர்க், டென்மார்க்கின் ஹார்டர் ஆகியோருக்குப் பின் மரோஜானுக்கு மூன்றாமிடம்.

நடுக்கள வீராங்கனையைக் கோல் எண்ணிக்கையால் அளப்பது எவ்வளவு அபத்தம் என்று பார்க்க, 2016 ரியோ ஒலிம்பிக் இறுதியாட்டமே போதும். மாரக்கானா மைதானம், ஸ்வீடன் எதிரணி. 48ஆவது நிமிடத்தில் பெனால்டி பெட்டியின் விளிம்பிலிருந்து பந்தை வளைத்து மேல் மூலையில் செருகினார். 62ஆவது நிமிடத்தில் அவர் அடித்த ஃபிரீ கிக் கம்பத்தில் பட்டுத் திரும்பி, ஸ்வீடன் தடுப்பாட்டக்காரர் செம்ப்ராந்த் மேல் மோதி உள்ளே போனது. ஆட்டக் குறிப்பில் அது சுயகோல். ஜெர்மனி 2–1 என வென்றது. இரண்டு கோலும் புறப்பட்டது அவர் காலிலிருந்து, ஏட்டில் அவருக்கு ஒன்றுதான். ‘இறுதியாட்டத்தில் இரண்டு கோல்’ என்று எழுதுவது பிழை. சுயகோலைச் சொல்லாமல் விடுவது அதைவிட மோசம்.

ஆண்கள் ஒலிம்பிக் கால்பந்தில் வயது வரம்பு இருப்பதைப் பார்த்துப் பெண்கள் ஒலிம்பிக்கையும் இளையோர் போட்டி என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. பெண்களுக்கு அந்த வரம்பு கிடையாது. அவை முழு சர்வதேச ஆட்டங்கள், அந்தக் கோலும் 33இல் ஒன்று.

கோல் எண்ணிக்கை அப்படியென்றால், கோலின் எடை வேறு கணக்கு. 2013 யூரோ அரையிறுதியில் ஸ்வீடனை வீழ்த்திய 1–0, அவர் அடித்தது. 2019 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் நடந்தது அவர் பிறந்த புடாபெஸ்டில். ஐந்தாவது நிமிடத்திலேயே பார்சிலோனா வலையில் முதல் பந்தைப் போட்டவர் அவர். பிறகு லியோனில் உடன் ஆடிய ஹெகர்பெர்க் மூன்று அடித்ததால் மறுநாள் தலைப்பெல்லாம் ஹெகர்பெர்க் பக்கம் போய்விட்டது.

உடல்நலச் செய்திகளில் சொல் தவறினால் பொருளே மாறிவிடும். 2018 ஜூலையில் அவருக்கு வந்தது நுரையீரல் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைப்பு. அதை ‘மாரடைப்பு’ என்று எழுதுவது வேறு நோயைச் சொல்வது. 2019 உலகக் கோப்பையில் ‘சோபிக்கவில்லை’ என்பதும் அநியாயம். சீனாவுடனான முதல் ஆட்டத்திலேயே கால்விரல் எலும்பு முறிந்தது. அதற்குப் பின் அவர் களமிறங்கியது ஸ்வீடனிடம் தோற்ற காலிறுதியின் இரண்டாம் பாதியில் மட்டும்.

2023 ஏப்ரல் 11 அன்று நியூரம்பெர்கில் பிரேசிலுடன் ஆடியதே ஜெர்மனிக்கான கடைசி ஆட்டம். அந்த ஆண்டு உலகக் கோப்பைக்கு மூன்று மாதம் முன்பு. ‘மரோஜான் ஓய்வு’ என்று தலைப்பிட்டால் தப்பு; ‘தேசிய அணியிலிருந்து’ என்பதையும் சேர்க்க வேண்டும். லியோனுக்கு அதன் பிறகும் ஆடினார்.