துவங்காத லினக்ஸ் கைப்பேசியில் முந்தைய பதிவைப் படித்தல்

லினக்ஸ் கைப்பேசி சின்னத்தைக் காட்டிவிட்டு உறைந்துபோனால், ஊகிப்பதற்கு முன் முந்தைய துவக்கத்தின்போது நடந்தவற்றைக் குறித்துவைத்த பதிவைப் (லாக்) பாருங்கள். துவக்கத்தையும் சேவைகளையும் நிர்வகிக்கும் சிஸ்டம்டி மென்பொருள் உள்ள கருவிகளில், வார் கோப்புறையிலுள்ள லாக் கோப்புறைக்குள் ஜர்னல் என்னும் கோப்புறை (/var/log/journal) இல்லாவிட்டால், பொதுவாகப் பதிவுகள் ரேமில் மட்டுமே இருந்து மறுதொடக்கத்தோடு மறைந்துவிடும். எனவே கருவி ஒழுங்காக இயங்கும்போதே அக்கோப்புறையை உருவாக்கி, ஒருமுறை மறுதொடக்கம் செய்துவிடுங்கள்.

அடுத்த முறை உறைந்து, பிறகு எப்படியோ துவங்கியதும், பதிவைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளையைப் பி என்ற தெரிவுடனும் மைனஸ் 1 என்ற எண்ணுடனும் (journalctl -b -1) இயக்கி, கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். ஏதோ ஒரு வட்டுப் பகுதிக்காக 90 நொடி காத்திருந்து காலாவதியானதாக ஒரு வரி இருந்தால், பெரும்பாலும், வட்டுப் பகுதிகளை எங்கே இணைப்பது என்று பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் அப்பகுதியின் அடையாள எண் தவறாக இருக்கும்.

கடைசி வரிகளே காணாமலும் போகலாம். மிகக் கடுமையான பிழைகளைத் தவிர மற்றவற்றை சிஸ்டம்டியின் பதிவுச் சேவையான ஜர்னல் 5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் வட்டில் உறுதியாக எழுதும் என்பதால், சோதனையின்போது அந்த இடைவெளியைச் சில நொடிகளாகக் குறைத்துக்கொள்வது நல்லது.

இயக்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலே நிலைகுலைந்தால் ஜர்னல் உதவாது. ராம்ஊப்ஸ் வசதி இயக்கப்பட்டிருந்தால், கெர்னலின் இறுதிச் செய்திகள் ரேமின் ஒதுக்கப்பட்ட பகுதியில் தங்கி, அடுத்த துவக்கத்தில் பிஸ்டோர் கோப்புறையில் தென்படும். ஆனால் பொறுமையிழந்து பேட்டரியைக் கழற்றினால் அதுவும் போய்விடும்.