டிஃபரன்ஷியல் ஆயிலை முன்கூட்டியே மாற்றுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேகக் கார் வாங்கிய புதிதில் எல்லாருக்கும் எஞ்சின் ஆயில்மேல்தான் கண். எந்த பிராண்ட், எத்தனை கிலோமீட்டரில் மாற்றுவது என்று அலசித் தீர்த்துவிடுவார்கள். பின் அச்சின் நடுவில் இருந்து, எஞ்சின் சக்தியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக்கொடுக்கும் டிஃபரன்ஷியல் யாராவது சொன்ன பிறகுதான் நினைவுக்கு வரும். வந்ததும் அவசரம் பிடித்துக்கொள்ளும். அண்மையில் அடுத்தடுத்துச் சிலர் ஒரே மாதிரிச் சிக்கலோடு என்னிடம் வந்தார்கள். எல்லாமே தொழில் பழகிய காலத்தில் நானும் என்னுடன் இருந்தவர்களும் செய்த பிழைகள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டைத் தொடும் முன் ஆயிலை ஊற்றும் ஃபில்லர் போல்ட் கழல்கிறதா என்று பாருங்கள், ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள் என்பது போன்ற பாலபாடங்களை இங்கே விட்டுவிடுகிறேன்.

"ஆயுள் முழுவதற்கும் போதும்" என்பதை அப்படியே நம்புவது

இந்த ஆயிலை மாற்றவே வேண்டாம், காரின் ஆயுள் முழுவதற்கும் போதும் என்று சொல்வதுண்டு. முன்கூட்டியே மாற்றத்தான் வேண்டுமா என்று கேட்டால், வேகக் காருக்கு வேண்டும் என்பதே என் பதில். டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் பெரிய, சிறிய பற்சக்கரங்களான கிரவுன் வீலும் பினியனும் புதிதாக இருக்கையில் முதல் சில நூறு கிலோமீட்டரில் ஒன்றோடொன்று உரசித்தான் தங்கள் பற்களைப் பொருத்திக்கொள்கின்றன. அப்போது உதிரும் இரும்புத் தூள் ஆயிலில் கலக்கிறது. எஞ்சினில் அதைப் பிடிக்க ஃபில்டர் உண்டு. பெரும்பாலான டிஃபரன்ஷியலில் ஃபில்டரும் இல்லை, பம்ப்பும் இல்லை. ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆயில்தான் இருக்கிறது. உதிர்ந்த தூள் அதே ஆயிலில் சுழன்று பேரிங்குகளுக்கு இடையே போய் வருகிறது.

பிஎம்டபிள்யூ தன் எம் கார்கள் பலவற்றுக்கு 2,000 கிலோமீட்டர் அளவில் ஒரு ரன்னிங்-இன் (புதிய பாகங்கள் ஒன்றோடொன்று பழகும் தொடக்க ஓட்டம்) சர்வீஸ் வைத்திருக்கிறது. அதில் எஞ்சின் ஆயிலோடு பின் டிஃபரன்ஷியல் ஆயிலையும் மாற்றுகிறார்கள். உங்கள் கார் கையேட்டில் இப்படி ஒன்று இருந்தால், அதைத் தள்ளிப்போட உங்களுக்கு உரிமை இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கையேடு ஒன்றும் சொல்லாவிட்டாலும், ரன்னிங்-இன் முடிந்ததும் ஒரு முறை மாற்றுவது மலிவான பாதுகாப்பு. அதன் பிறகு சாதாரணச் சாலை ஓட்டத்துக்குக் கையேட்டின் கணக்கே போதும். பந்தயத் தடத்தில் ஓட்டுகிறவர்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே ஏறும் சூட்டில் ஆயில் வெகு சீக்கிரம் கெட்டுவிடும்.

ரன்னிங்-இன் முடியும் முன்பே மாற்றுவது

உதிர வேண்டியது உதிரட்டும், பொறுங்கள்.

டப்பாவின் மேலுள்ள எண்ணை மட்டும் பார்ப்பது

என்னை இன்றும் எரிச்சல்படுத்தும் தவறு இதுதான். கையேட்டில் 75 டபிள்யூ-90 என்று இருக்கிறது, டப்பாவிலும் 75 டபிள்யூ-90 என்று இருக்கிறது, அப்புறம் என்ன என்று ஊற்றிவிடுகிறார்கள். அந்த எண் ஆயிலின் கெட்டித்தன்மையை மட்டுமே சொல்கிறது. அது எந்த வேலைக்கான ஆயில் என்பதை அது சொல்வதில்லை.

முதலில் தரம். வேகக் கார்களின் பின் டிஃபரன்ஷியலில் இருப்பது பெரும்பாலும் ஹைபாய்டு கியர். பினியனின் அச்சு கிரவுன் வீலின் மையத்துக்கு நேராக இல்லாமல் சற்று விலகி இருக்கும். அதனால் பற்கள் உருள்வதோடு நிற்பதில்லை. ஒன்றன்மேல் ஒன்று நீளவாக்கில் வழுக்கியும் செல்கின்றன. அந்த அழுத்தத்தில் ஆயில் படலம் பிதுங்கி வெளியேறிவிடும். அப்போது பல்லைக் காப்பது ஆயிலில் கலந்திருக்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள்தான். அவை சூடான உலோகப் பரப்போடு வினைபுரிந்து மெல்லிய படிவம் ஒன்றை உண்டாக்குகின்றன. பல்லுக்குப் பதிலாக அந்தப் படிவம் தேய்கிறது. ஜிஎல்-5 தர ஆயிலில் இந்தச் சேர்மங்கள் கூடுதலாக உண்டு, ஜிஎல்-4 ஆயிலில் குறைவு. கையேடு ஜிஎல்-5 கேட்டால் ஜிஎல்-4 ஊற்றக்கூடாது.

இதையாவது பலர் கவனிக்கிறார்கள். அடுத்ததில்தான் கோட்டைவிடுகிறார்கள். உங்கள் காரில் இருப்பது சாதாரண டிஃபரன்ஷியலா, ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிட்டெட் ஸ்லிப் வகையா? லிமிட்டெட் ஸ்லிப் என்றால் கிளட்ச் பிளேட்டுகள் உள்ளதா, டார்சன் போலக் கியர்களாலேயே இயங்குவதா? கிளட்ச் பிளேட் வகைக்கு உராய்வைச் சீராக்கும் மாடிஃபையர் என்ற சேர்க்கை வேண்டும். காரை மெதுவாகத் திருப்பும்போது உள் சக்கரமும் வெளிச் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல்கின்றன. பிளேட்டுகள் வழுக்கிக்கொடுக்க வேண்டும். மாடிஃபையர் இல்லாவிட்டால் அவை பிடித்து, விட்டு, மறுபடி பிடிக்கும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துப் பின்னால் எடுக்கும்போது பின்பக்கத்திலிருந்து முனகலும் அதிர்வும் வருவது இதனால்தான்.

ஒரு இளைஞர் தன் காரைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டவர். சொன்ன கிலோமீட்டரில், விலை உயர்ந்த ஜிஎல்-5 ஆயிலைத் தேடி வாங்கி மாற்றினார். அதில் மாடிஃபையர் கிடையாது. சில வாரங்களில் திருப்பங்களில் கார் நடுங்க ஆரம்பித்தது. எடுத்துச் சென்ற பணிமனையில் டிஃபரன்ஷியல் போய்விட்டது என்று சொல்லி முழு யூனிட்டையும் மாற்றிவிட்டார்கள். புதியதிலும் அதே ஆயிலையே ஊற்றினார்கள். அதுவும் நடுங்கியது. அதன் பிறகுதான் என்னிடம் வந்தார், கழற்றிய பழைய யூனிட்டையும் கூடவே கொண்டுவந்தார். திறந்து பார்த்தேன். கிரவுன் வீல் பற்களில் தேய்மானத் தடம் நடுவில் அழகாக விழுந்திருந்தது. பேரிங்கில் ஆட்டம் இல்லை. பிளேட்டுகளின் தடிமனும் குறையவில்லை. நல்ல யூனிட்டைத் தூக்கிப்போடச் சொல்லியிருக்கிறார்கள். புதியதில் மாடிஃபையரைச் சேர்த்து, காலி மைதானத்தில் எட்டு வடிவத்தில் மெதுவாகச் சுற்றச் சொன்னேன். சுற்றச் சுற்ற ஆயில் பிளேட்டுகளுக்குள் இறங்கி நடுக்கம் நின்றது. ஒரு சிறு பாட்டிலோடு முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு அவர் ஒரு முழு டிஃபரன்ஷியலின் விலையைக் கொடுத்திருக்கிறார். நினைத்தால் இப்போதும் மனம் ஆறவில்லை.

இதைக் கேட்டுவிட்டு எல்லாவற்றிலும் மாடிஃபையரை ஊற்றுவது இன்னொரு தவறு. லிமிட்டெட் ஸ்லிப்புக்கான ஆயில்கள் பலவற்றில் அது முன்பே கலந்திருக்கும். அதன் மேலும் சேர்த்தால் பிளேட்டுகள் பிடிக்க வேண்டிய நேரத்தில் வழுக்கும். வளைவிலிருந்து வெளியேறும்போது உள் சக்கரம் வீணாகச் சுழலும். டொயோட்டா ஜிஆர்86 காரில் வரும் டார்சன் வகையில் கிளட்ச் பிளேட்டே இல்லை, மாடிஃபையருக்கும் வேலை இல்லை. ஃபோர்டு தன் டிராக்ஷன்-லாக் வகைக்கு எக்ஸ்எல்-3 என்ற சேர்க்கையைத் தனி பாட்டிலில் தருகிறது. எண், தரம், டிஃபரன்ஷியல் வகை மூன்றும் தெரியாமல் டப்பாவைத் திறக்காதீர்கள்.

வடித்ததைப் பார்க்காமல் கொட்டுவது

டிரெயின் போல்ட்டின் நுனியில் பெரும்பாலும் காந்தம் இருக்கும். அதில் ஒட்டியிருக்கும் கருஞ்சாம்பல் பசையை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். வழுவழுப்பாக இருந்தால் அது ரன்னிங்-இன் தூள். முதல் முறை சற்று தடிமனாகவே இருக்கும், பயப்பட வேண்டாம். நகத்தில் தட்டுப்படும் செதில்களோ விளிம்பு கூரான துண்டுகளோ இருந்தால் புது ஆயில் ஊற்றி மூடிவிடாதீர்கள், திறந்து பார்க்க வேண்டிய நேரம் அது. துடைக்கும் முன் ஒரு படம் எடுத்து வையுங்கள். அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.

சாய்ந்த காரில் அளவு பார்ப்பது

பல டிஃபரன்ஷியல்களில் ஃபில்லர் துளையின் கீழ் விளிம்புதான் அளவு. பின்பக்கத்தை மட்டும் தூக்கி வைத்து ஊற்றினால் அந்த அளவு பொய். நான்கு பக்கமும் சமமாக நிற்க வேண்டும். கூடுதலாக ஊற்றினால் நல்லது என்பதும் இல்லை; ஆயில் நுரைத்து, காற்று போய்வரும் துளையான பிரீதர் வழியாக வெளியே தள்ளும்.

போல்ட்டுகளின் பழைய வாஷரையே திரும்பப் போடுவது

வேண்டாம்.

எந்தக் காருக்கும் இது ஒன்றே என்று நினைப்பது

எஞ்சின் குறுக்கே அமைந்த முன்சக்கர இயக்கக் கார்களில் டிஃபரன்ஷியல் பொதுவாகக் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. அங்கே தனி டிஃபரன்ஷியல் ஆயில் கிடையாது. கியர்பாக்ஸுக்குச் சொன்ன ஆயிலே அதற்கும். டிஃபரன்ஷியல்தானே என்று கண்ட ஜிஎல்-5 ஆயிலை ஊற்றினால் கியர் மாறும்போது வேகத்தை ஒத்திசைக்கும் பித்தளை சின்க்ரோ வளையங்கள் பாழாகலாம், கியர் விழுவதும் கடினமாகலாம். நான்கு சக்கர இயக்கத்தில் இன்னும் கவனம் வேண்டும். மேனுவல் கியர் சுபாரு காரில் முன் டிஃபரன்ஷியலுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில், பின் டிஃபரன்ஷியலுக்குத் தனி. தேவைப்படும்போது சக்தியை மற்ற அச்சுக்கும் இணைத்துவிடும் ஹால்டெக்ஸ் கப்ளிங் உள்ள கார்களில் அந்தக் கப்ளிங்குக்கு முற்றிலும் வேறு ஆயில், அதன் ஃபில்லர் போல்ட் டிஃபரன்ஷியல் போல்ட்டுக்கு அருகிலேயே இருக்கும். எது எதன் போல்ட் என்று கையேட்டின் படத்தோடு ஒப்பிட்டு, சாக்பீஸால் குறியிட்டுக்கொண்ட பிறகு ஸ்பேனரை எடுங்கள்.