சிங்கப்பூர் துறைமுகக் கரையைக் கயாக்கில் சுற்றிப் பார்ப்பது எப்படி: செட்டிநாட்டிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு ஒரு செய்முறை

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சிங்கப்பூரில் சொந்தம் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பேரப்பிள்ளையைப் பார்க்கத் திருச்சியில் விமானம் ஏறுகிறவர்கள், சிங்கத்தலையும் மீனுடலும் கொண்ட மெர்லயன் சிலைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்தச் சிலை பார்த்துக்கொண்டிருப்பது தண்ணீரை. அதன் பின்னால் இருக்கிற பழைய கட்டடங்களும் கப்பலில் வந்து இறங்குகிறவர்களுக்கு முகம் காட்டி நின்றவை. கிட்டங்கி என்ற நகரத்தார் வட்டிக்கடையில் கணக்குப் பார்க்கப் போன நம் ஊர்ப் பெரியவர்கள் அந்த ஊரை முதன்முதலில் பார்த்ததும் கடலிலிருந்துதான். நீங்களும் ஒரு காலை நேரத்தை ஒதுக்கி, கயாக்கில், அதாவது உட்கார்ந்து துடுப்புப் போடும் சின்னப் படகில் ஏறி, தண்ணீரிலிருந்து பாருங்கள். இதுவரை துடுப்பே பிடிக்காதவர்களும் செய்யக்கூடியதுதான். இங்கேயே கொஞ்சம் பழகிவிட்டுப் போனால் போதும்.

முதலில் காரங்காடு

தேவகோட்டையிலிருந்து திருவாடானை வழியாகத் தொண்டி. அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் காரங்காடு. வனத்துறை ஊர்மக்களோடு சேர்ந்து நடத்தும் சூழல் சுற்றுலாவில், அலையாத்திக் காட்டுக்குள் படகிலும் கயாக்கிலும் போகலாம். பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். காட்டுக்குள் போய்விட்டால் அலையும் அடங்கிவிடும். பழகுவதற்கு நமக்குப் பக்கத்தில் இதைவிட நல்ல இடம் இல்லை. வாடைக்காற்று அடிக்கும் மழை மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். அன்றைக்குக் கயாக் விடுகிறார்களா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

வேட்டி, புடவை, ஜீன்ஸ் மூன்றும் வேண்டாம். நனைந்தால் கனக்கும், காலைச் சுற்றும். டி-ஷர்ட், லெக்கிங்ஸ், அரைக்கால் சட்டை போதும். துப்பட்டா கரையிலேயே இருக்கட்டும். பின்பட்டை உள்ள செருப்பு அவசியம். அலையாத்தியின் மூச்சுவேர்கள் சேற்றுக்கு மேல் குத்திக்கொண்டு நிற்கும், சிப்பியும் ஒட்டியிருக்கும். வெறுங்காலை வைத்தால் கிழித்துவிடும். மூக்குக்கண்ணாடிக்கு ஒரு கயிறு, போனுக்குத் தண்ணீர் புகாத உறை, குடிக்கத் தண்ணீர். அவ்வளவுதான் சாமான்.

லைஃப் ஜாக்கெட்டின் எல்லாப் பட்டைகளையும் இறுக்கிய பிறகு, தோள்பட்டை இரண்டையும் பிடித்து ஒருவரை மேலே இழுக்கச் சொல்லுங்கள். காதுவரை ஏறினால் அது தளர்வு. இன்னும் இறுக்குங்கள், அல்லது சின்ன அளவு கேளுங்கள். நீச்சல் தெரியாது என்றால் வழிகாட்டியிடம் கரையிலேயே சொல்லிவிட வேண்டும், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஊருணியில் நீந்தி வளர்ந்தவர்களும் ஜாக்கெட்டைக் கழற்றக் கூடாது.

துடுப்பு

துடுப்பைத் தலைமேல் வைத்து இரு கைகளாலும் பிடியுங்கள். முழங்கை இரண்டும் செங்கோணத்தில் மடங்கியிருந்தால், கை இருக்க வேண்டிய இடம் அதுதான். துடுப்பின் நுனியில் இருக்கும் தகட்டின் குழிந்த பக்கம் உங்களைப் பார்க்க வேண்டும். நீளமான விளிம்பு மேலே இருக்க வேண்டும். முதுகை நிமிர்த்தி உட்காருங்கள். முழங்கால் லேசாக மடங்கி, பாதம் மிதியில் பதியட்டும்.

இனிதான் முக்கியமானது. துடுப்பைக் கையால் இழுக்காதீர்கள். கை மட்டும் வேலை செய்தால் கால் மணி நேரத்தில் தோள் கடுக்கும். இடுப்புக்கு மேல் உடம்பைத் திருப்பி, கால் பெருவிரலுக்கு நேரே தகட்டைத் தண்ணீரில் முழுக இறக்கி, உடம்பு திரும்பும் வேகத்திலேயே பின்னால் கொண்டுவந்து, இடுப்பருகில் வெளியே எடுங்கள். அப்புறம் மறுபக்கம். ஆட்டுக்கல்லில் அரைக்கும்போது தோளும் முதுகும் சேர்ந்து சுழலுமே, அதே உடம்பசைவுதான் இது. பிடியும் தளர்வாக இருக்கட்டும். இறுக்கிப் பிடிக்கிறவர்களுக்குத்தான் உள்ளங்கை கொப்பளிக்கும்.

வலப்பக்கம் திரும்ப வேண்டுமா, இடப்பக்கத்தில் துடுப்பை அகலமாக அரைவட்டம் போட்டு வீசுங்கள். நிறுத்த வேண்டுமென்றால் இருபக்கமும் மாறி மாறிச் சின்னதாகப் பின்னோக்கித் தள்ளுங்கள். இருவர் கயாக்கில் முன்னால் இருப்பவர் தாளம் வைக்கிறார், பின்னால் இருப்பவர் அதைப் பார்த்துப் போட்டு, திசையையும் கவனிக்கிறார். கனமானவர் பின்னால் உட்காருவது நல்லது. அணியம், அதாவது படகின் முன்பகுதி, முக்குளித்துக்கொண்டு போனால் திருப்புவது சிரமம்.

கவிழ்ந்து ஏறுவதைப் பழகாமல் காரங்காட்டிலிருந்து திரும்பாதீர்கள். வழிகாட்டியைக் கேட்டுக்கொண்டு, அவர் காட்டும் ஆழமில்லாத இடத்தில் வேண்டுமென்றே விழுங்கள். கயாக்கை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், அதுதான் மிதக்கிறது. தலைகீழாக இருந்தால் புரட்டிப் போட்டு, நடுப்பக்கத்தில் வந்து, காலை உதைத்துக்கொண்டே வயிற்றை மேலே ஏற்றுங்கள். குறுக்காகப் படுத்த நிலையில் ஒரு மூச்சு வாங்கி, மெல்லத் திரும்பி, உட்காருங்கள். இதை ஒருமுறை செய்துவிட்டால் தண்ணீர்ப் பயத்தில் பாதி அன்றைக்கே போய்விடும்.

சிங்கப்பூரில்

மெர்லயன் பார்த்து நிற்கும் மெரினா பே விரிகுடா முன்பு கடலோடு சேர்ந்த தண்ணீர். 2008ல் 350 மீட்டர் அகலக் கால்வாயின் குறுக்கே மெரினா அணையைக் கட்டி, அதை நன்னீர்த் தேக்கமாக்கிவிட்டார்கள். ஏற்ற இறக்கம் இல்லை, பெரிய அலை இல்லை. துறைமுக நகரத்தின் நடுவில் புதியவர்கள் துடுப்புப் போட முடிவது இந்த அணையால்தான்.

ஸ்டேடியம் எம்.ஆர்.டி. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், காலாங் நீர்விளையாட்டு மையத்தின் பகுதியிலிருந்து கிளம்பலாம். தனியாகக் கயாக் வாடகைக்கு எடுக்கச் சில இடங்களில் அடிப்படைப் பயிற்சிச் சான்றிதழ் கேட்பார்கள். நமக்கு வழிகாட்டியோடு போகும் குழுப்பயணம்தான் சரி. முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள். விடியவே ஏழு மணி ஆகும், அதனால் காலையில் முதல் குழுவைக் கேளுங்கள். மதியத்துக்கு மேல் இடி மின்னல் அடிக்கடி வரும். காலையிலும் சுமத்ரா பக்கமிருந்து திடீர்க் காற்றுமழை வருவதுண்டு. மின்னல் எச்சரிக்கை வந்தால் உடனே கரை, அதில் பேச்சே இல்லை. போகும்போது காற்று முகத்தில் அடித்தால் மகிழ்ச்சி அடையுங்கள், களைத்துத் திரும்பும்போது அது முதுகைத் தள்ளும்.

பெஞ்சமின் ஷியர்ஸ் பாலத்துக்குப் பக்கத்தில் வந்ததும் வலப்பக்கம் 165 மீட்டர் உயர ராட்டினம் சிங்கப்பூர் ஃப்ளையர், இடப்பக்கம் கார்டன்ஸ் பை தி பே பூங்காவின் கண்ணாடிக் கூடாரங்கள். ஹீலிக்ஸ் பாலத்தைத் தாண்டினால் விரிகுடா திறந்துகொள்ளும். இடப்பக்கம் மூன்று கோபுரங்கள் மேல் கப்பல் போன்ற தளத்தைச் சுமக்கும் மெரினா பே சாண்ட்ஸ் ஹோட்டல், வலப்பக்கம் முள்முள்ளான கூரையோடு எஸ்பிளனேடு அரங்கம். இவற்றைப் போகிற போக்கில் பார்க்கலாம். துடுப்பை மடியில் வைத்துவிட்டு நிற்க வேண்டியது எதிர்க்கரையில்.

அங்கே மெர்லயன், 8.6 மீட்டர் உயரம். 1972ல் சிங்கப்பூர் ஆற்றின் வாயில் வைத்தார்கள். 1997ல் வந்த எஸ்பிளனேடு பாலம் அதைக் கடலுக்கு மறைத்துவிட்டதால் 2002ல் இங்கே நகர்த்தினார்கள். அதன் பின்னால் தூண்வரிசையோடு தெரிவது 1928ல் கட்டிய ஃபுல்லர்டன் கட்டடம், அந்நாளைய தலைமைத் தபால் நிலையம். ஊருக்குப் போட்ட கடிதமெல்லாம் கடந்து போன இடம். தெற்கே கொஞ்சம் தள்ளி 1933ல் திறந்த கிளிஃபோர்டு துறை, கப்பலில் வந்தவர்கள் பலர் கால் வைத்த படித்துறை. இந்த மூன்றையும் தண்ணீரிலிருந்து ஒரே பார்வையில் பார்க்கலாம். படம் எடுக்கும் அவசரத்தில் இதை விட்டுவிடாதீர்கள்.

சுற்றுலாப் படகுகள் இங்கே ஓடும். அவை கிளப்பும் அலை வந்தால் அணியத்தை அலைக்கு நேரே திருப்புங்கள். பக்கவாட்டில் வாங்கினால்தான் ஆட்டும். வழிகாட்டி சொல்லாமல் ஆற்றுக்குள் நுழைய வேண்டாம்.

கரை ஏறியதும் குளித்து, மாற்று உடை போட்டுக்கொண்டு ராஃபிள்ஸ் பிளேஸ் நிலையத்துக்கு ரயில் ஏறுங்கள். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் மார்க்கெட் ஸ்ட்ரீட். கிட்டங்கிகள் இருந்த அந்தத் தெருவில் இப்போது உயர்ந்த அலுவலகக் கட்டடங்கள்தான். நேரமிருந்தால் டேங்க் ரோடு போய், 1859ல் நகரத்தார் கட்டிய தெண்டாயுதபாணி கோயிலில் கும்பிட்டுவிட்டு வாருங்கள். மதியம் நடை சாத்தியிருக்கும், மாலையில் போவது நல்லது.