ஸ்மார்ட்வாட்ச் வாங்கும்போது விலையைக் கேட்கிறோம், ஆயுளைக் கேட்பதில்லை

அப்பாவின் கல்யாணத்துக்கு மாமனார் வீட்டில் போட்ட எச்.எம்.டி. வாட்ச் இன்றும் ஓடுகிறது. தினமும் காலையில் சாவி கொடுப்பார். இத்தனை வருடங்களில் இரண்டு முறை கடைத்தெரு வாட்ச் ரிப்பேர்க்காரரிடம் போய் வந்திருக்கிறது. ஒரு முறை கண்ணாடி மாற்ற, ஒரு முறை எண்ணெய் போட.

அதே அப்பாவுக்கு நான் ஆசையாக வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட்வாட்ச் இருபத்திரண்டு மாதங்களில் படுத்துவிட்டது. காலையில் நூறு சதவீதம் காட்டும், மதியச் சாப்பாட்டுக்குள் அணைந்துவிடும். சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனேன். "இந்த மாடலுக்கு பேட்டரி தனியா வராது சார், எக்ஸ்சேஞ்ச்ல புதுசு எடுத்துக்கோங்க" என்றார்கள். திரை நன்றாக இருந்தது, பட்டை நன்றாக இருந்தது. உள்ளே விரல்நுனி அளவு பேட்டரி ஒன்று களைத்துப்போனதால் மொத்தமும் குப்பை.

அதனால் ஸ்மார்ட்வாட்சே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சிலருக்கு அது உயிரைக் காக்கும் பொருள். ஆனால் வாங்குவதற்கு முன் நான் கேட்டிருக்க வேண்டிய சில கேள்விகள் இருந்தன. என்னைப் போலவே பலரும் அவற்றைக் கேட்பதில்லை என்பதால் எழுதுகிறேன்.

வாட்ச் என்று நினைத்து வாங்குவது

முதல் தவறு பெயரிலேயே தொடங்குகிறது. வாட்ச் என்றதும் பத்து, இருபது வருடம் உழைக்கும், மகனுக்குக் கொடுக்கலாம் என்ற எண்ணம் நம் மனதில் பதிந்திருக்கிறது. ஸ்மார்ட்வாட்ச் என்பது கையில் கட்டும் ஒரு சின்ன போன். அதன் ஆயுளை பேட்டரி, உள்ளே ஓடும் மென்பொருள், போனில் இருக்கும் செயலி, அந்தச் செயலிக்குப் பின்னால் கம்பெனி நடத்தும் சர்வர் என்ற மையக் கணினி ஆகிய நான்கும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. நான்கில் எது முதலில் நிற்கிறதோ, வாட்சின் பயனில் பெரும்பகுதி அதோடு போய்விடும்.

விலை கூடினால் ஆயுளும் கூடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு உதாரணம். 2015 ஏப்ரலில் ஆப்பிள் தன் முதல் வாட்சை வெளியிட்டபோது, 18 காரட் தங்கத்தில் ஒரு பதிப்பும் விற்றது. ஆரம்ப விலையே 10,000 டாலர். 2018-ல் வந்த வாட்ச்ஓஎஸ் 5 என்ற புதிய மென்பொருள் அந்த முதல் தலைமுறை வாட்சுகள் எதற்கும் கிடைக்கவில்லை. அதில் தங்க வாட்சும் அடக்கம். 2023-ல் அதைப் பழுதுபார்ப்பதும் நிறுத்தப்பட்டது. தங்கத்துக்கு இன்றும் விலை உண்டு. உள்ளே இருந்த கருவிக்குப் புதிய மென்பொருள் வந்தது மூன்று வருடம்தான்.

"ஒரு சார்ஜில் எத்தனை நாள்?" என்பதை வசதிக் கேள்வியாக மட்டும் பார்ப்பது

எனக்கு மிகவும் தாமதமாகப் புரிந்த விஷயம் இது. வாட்சை அடிக்கடி சார்ஜ் போடுவது தொல்லை, அவ்வளவுதானே என்று நினைத்திருந்தேன். உண்மையில் ஒரு சார்ஜ் எத்தனை நாள் வருகிறது என்பதுதான் அந்தப் பொருள் எத்தனை வருடம் வரும் என்பதற்கான முதல் தடயம்.

கணக்கைப் பாருங்கள். தன் வாட்ச் பேட்டரி 1,000 முழு சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகும் 80 சதவீதம் வரை கொள்ளளவைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டது என்கிறது ஆப்பிள். இது நல்ல எண்தான். ஆனால் தினமும் ஒரு முழு சார்ஜ் ஆகிறது என்றால் இரண்டே முக்கால் வருடத்தில் அந்த ஆயிரமும் தீர்ந்துவிடும். ஒரு நாள் மட்டும் தாங்கக்கூடிய பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால், இரவு எட்டு மணிக்கே சார்ஜரைத் தேட வேண்டியிருக்கும்.

பத்து நாள் தாங்கும் வாட்சுக்கு வருடத்துக்கு 36 சுற்றுகள்தான் செலவாகும். லித்தியம் பேட்டரி சும்மா இருந்தாலும் வயதாகும் என்பதால் அது பல பத்தாண்டு உழைக்கப் போவதில்லை. ஆனால் ஐந்து வருடம் கழித்து அதன் கொள்ளளவு பாதியாகக் குறைந்தாலும் ஐந்து நாள் ஓடும். அப்போதும் அது பயன்படும் பொருள்தான். ஒரு நாள் வாட்ச் பாதியானால் அலுவலகம் முடியும் வரைகூடத் தாங்காது. கார்மின், அமேஸ்ஃபிட் போன்றவை ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும் மாடல்களை விற்கின்றன. அவற்றில் செயலிகள் குறைவு, திரையும் சிலவற்றில் அவ்வளவு பளிச்சென்று இருக்காது. அந்தக் குறையை நான் மனமார ஏற்றுக்கொள்வேன்.

அடுத்த கேள்வி, பேட்டரியை மாற்ற முடியுமா என்பது. கடைக்காரரிடம் கேட்டால் "அதெல்லாம் மாத்தலாம் சார்" என்று சொல்லிவிடுவார். கம்பெனியின் சர்வீஸ் பக்கத்தில் உங்கள் மாடலின் பெயரும் பேட்டரி மாற்றும் கட்டணமும் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கம்பெனி என்பதும் இதில் உத்தரவாதமில்லை. கூகுளின் முதல் இரண்டு பிக்சல் வாட்சுகளுக்கு உடைந்த கண்ணாடியை மாற்றித்தரும் வசதியே இல்லை, வாட்சையே மாற்றத்தான் முடிந்தது. 2025-ல் வந்த பிக்சல் வாட்ச் 4-ல்தான் திருகாணி போட்டு, திரையையும் பேட்டரியையும் கழற்றி மாற்றும்படி செய்தார்கள். வாங்கும் முன் ஒரு வாட்சைத் திருப்பி, பின்பக்கம் திருகாணி இருக்கிறதா, பசை போட்டு ஒட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பது நல்ல பழக்கம்.

வெயிலையும் சொல்ல வேண்டும். 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலில்தான் தன் வாட்ச் நன்றாக வேலை செய்யும் என்கிறது ஆப்பிள். சித்திரை, வைகாசியில் வேலூரிலோ திருச்சியிலோ இருப்பவர்களுக்கு இந்த எண்ணைப் படித்தால் என்ன தோன்றும் என்று சொல்லத் தேவையில்லை. வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டில் வைத்துவிட்டுப் போவது, ஜன்னலோரம் வெயில் படும் இடத்தில் சார்ஜ் போடுவது, இரண்டையும் அறவே விட்டுவிடுங்கள். மாதக்கணக்கில் கட்டாமல் வைக்கப் போகிறீர்கள் என்றால், பாதி சார்ஜில் அணைத்து வையுங்கள். முழுக்கத் தீர்ந்த நிலையில் அலமாரியில் கிடந்த பேட்டரி திரும்ப எழாமலே போகலாம்.

அப்டேட் காலத்தை வாங்கிய நாளிலிருந்து எண்ணுவது

"மூன்று வருடம் அப்டேட் உண்டு" என்று படித்துவிட்டு வாங்குகிறோம். அந்த மூன்று வருடம் மாடல் வெளியான நாளிலிருந்து ஓடத் தொடங்கிவிட்டது. முதல் பிக்சல் வாட்ச் 2022 அக்டோபரில் வந்தது. 2025 அக்டோபர் வரை அப்டேட் என்பது கூகுள் கொடுத்த வாக்கு. 2024 அக்டோபரில் அதை வாங்கியவருக்கு மிச்சம் இருந்தது ஒரு வருடம்.

ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 3 இதைவிட மோசமான அனுபவம். 2017 செப்டம்பரில் வந்த அந்த மாடலை, விலை குறைந்த வாட்ச் என்ற பெயரில் 2022 செப்டம்பர் வரை விற்றார்கள். அதே 2022 ஜூனிலேயே, அடுத்து வரும் வாட்ச்ஓஎஸ் 9 இந்த மாடலுக்குக் கிடைக்காது என்று அறிவித்துவிட்டார்கள். ஜூலையிலோ ஆகஸ்டிலோ பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாக அதை வாங்கிய எத்தனையோ பெற்றோருக்கு இது தெரிந்திருக்காது.

ஆண்ட்ராய்டு பக்கமும் இப்படித்தான். 2021-ல் கூகுள் வேர் ஓஎஸ் 3 என்ற வாட்ச் மென்பொருளைக் கொண்டு வந்தபோது, அதற்கு முன் விற்ற வாட்சுகளில் சில மாடல்களைத் தவிர மற்றவை எல்லாம் பழைய மென்பொருளோடு நின்றுவிட்டன. ஃபாசில் கம்பெனி 2024 ஜனவரியில் ஸ்மார்ட்வாட்ச் தொழிலையே விட்டு விலகியது.

ஒன்றை இங்கே நேர்மையாகச் சொல்ல வேண்டும். அப்டேட் நின்ற மறுநாளே வாட்ச் செத்துவிடாது. மணி காட்டும், அடிகளை எண்ணும், அழைப்பு வந்தால் அதிரும். பாதிப்பு மெல்லத்தான் வரும். முதலில் பாதுகாப்புத் திருத்தங்கள் நிற்கும், அப்புறம் செயலிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுபோகும், கடைசியில் நீங்கள் புதுப் போன் வாங்கும்போது அதோடு இணைய மறுக்கும். ஆகவே அப்டேட் நின்றுவிட்டது என்பதற்காக ஓடிக்கொண்டிருக்கும் வாட்சை அவசரப்பட்டுத் தூக்கிப்போட வேண்டாம். அதுவும் ஒரு தவறுதான்.

சர்வரை மறந்துவிடுவது

பெபிள் என்ற வாட்சைச் சிலருக்கு நினைவிருக்கும். 2012-ல் கிக்ஸ்டார்ட்டர் இணையதளத்தில் பொதுமக்களிடமே ஒரு கோடி டாலருக்கு மேல் திரட்டி உருவான வாட்ச். காகிதத்தில் அச்சிட்டது போன்ற திரை, ஒரு வாரம் வரும் பேட்டரி. 2016 இறுதியில் ஃபிட்பிட் அதன் மென்பொருளையும் ஊழியர்கள் பலரையும் வாங்கிக்கொண்டு, வாட்ச் தயாரிப்பை நிறுத்தியது. 2018 ஜூன் மாதத்தோடு சர்வர்களும் மூடப்பட்டன. கையில் இருந்த வாட்சில் எந்தப் பழுதும் இல்லை. ஆனால் செயலிக் கடை, வானிலை, குரல்வழிப் பதில் எல்லாம் ஒரே நாளில் போயின. ரெபிள் என்ற பெயரில் ரசிகர்கள் ஒன்றுகூடி, தாங்களே மாற்று சர்வர் நடத்தி அந்த வாட்சுகளைக் காப்பாற்றினார்கள். பிறகு ஃபிட்பிட்டை வாங்கிய கூகுள் 2025 ஜனவரியில் பெபிளின் மூலநிரலை, அதாவது மென்பொருளை எழுதிய நிரல் வரிகளை, எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதை வைத்து, பெபிளைத் தொடங்கிய எரிக் மிஜிகோவ்ஸ்கியே மீண்டும் வாட்ச் செய்ய இறங்கினார். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கதை இது. மூலநிரல் திறந்திருந்தால் கம்பெனி போன பிறகும் பொருள் வாழும்.

எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. மைக்ரோசாஃப்ட் பேண்ட் என்ற கையில் கட்டும் கருவியின் சேவை 2019 மே மாதத்தோடு முடிந்தது, அமேசான் ஹேலோ என்ற அதே வகைக் கருவியின் சேவை 2023 ஜூலையோடு. கம்பெனி நன்றாக நடந்தாலும் ஆபத்து உண்டு. 2020 ஜூலையில் இணையத் தாக்குதலால் கார்மின் சேவை பல நாட்கள் முடங்கியது. ஓட்டப் பயிற்சிக் கணக்கு வாட்சிலேயே இருந்தது, ஆனால் செயலிக்கு ஏற்ற முடியவில்லை.

வாங்கிய வாட்சைத் திருப்பிக் கொடுக்க அவகாசம் இருக்கும்போதே ஒரு சோதனை செய்து பாருங்கள். போனில் இணையத்தை அணைத்துவிட்டு, ப்ளூடூத்தை மட்டும் விட்டுவிட்டு ஒரு நாள் பயன்படுத்துங்கள். அப்போது என்னென்ன வேலை செய்கிறதோ, அதுதான் உண்மையில் உங்களுடையது. ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள் கேட்ஜெட்பிரிட்ஜ் என்ற இலவசச் செயலியைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. பல மாடல்களை, கம்பெனி சர்வர் இல்லாமலே போனோடு இணைக்கும். உங்கள் உடல்நலத் தகவலும் போனை விட்டு வெளியே போகாது. வாங்க நினைக்கும் மாடல் அதன் பட்டியலில் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடலாம்.

காட்டும் எண்ணையெல்லாம் நம்புவது

மலிவு வாட்சுகள் இரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் காட்டும் என்று விளம்பரம் வருகிறது. ஊசி குத்தாமல் சர்க்கரை அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் வெளிப்படையாக எச்சரித்தது. அந்த எண்ணை நம்பி இன்சுலின் அளவை மாற்றினால் உயிருக்கே ஆபத்து. இரத்த அழுத்தத்துக்கு சாம்சங் வாட்சே 28 நாளுக்கு ஒருமுறை, கையில் பட்டை சுற்றி அளக்கும் கருவியோடு ஒப்பிட்டுச் சரிசெய்யச் சொல்கிறது. எதோடும் ஒப்பிடாமல் 120/80 காட்டும் வாட்சை அந்த விஷயத்தில் நம்ப வேண்டாம். ஈசிஜி எடுக்கும் வாட்சும் மாரடைப்பைக் கண்டுபிடிக்காது, ஆப்பிளே அப்படி எழுதியிருக்கிறது. நெஞ்சு வலித்தால் வாட்சைப் பார்க்காதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

இதயத் துடிப்பின் ஒழுங்கு தவறுவதைக் கவனித்துச் சொல்வதும், கீழே விழுந்தால் உதவிக்கு அழைப்பதும் உண்மையிலேயே மதிப்புள்ளவை. தனியாக இருக்கும் பெரியவர்களுக்காக அதை வாங்கினால் காசு வீண் என்று ஒருபோதும் சொல்லமாட்டேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சிம் வசதி இல்லாத வாட்ச் விழுந்ததைக் கண்டுபிடித்தாலும், அழைக்க பெரும்பாலும் போன் அருகில் இருக்க வேண்டும். போனைக் கூடத்தில் வைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போகும் அம்மாவுக்கு அது உதவாமல் போகலாம்.

சின்னச் சின்னதாக இன்னும் சில. ஆப்பிள் வாட்சுக்கு ஐபோன் வேண்டும். கேலக்ஸி வாட்ச் 4 முதல் வந்த சாம்சங் வாட்சுகள் ஐபோனோடு சேராது. பழைய ஆப்பிள் வாட்ச் வாங்கினால், முந்தைய உரிமையாளரின் கணக்குப் பூட்டை உங்கள் கண்ணெதிரே எடுத்துத் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அதை இயக்கவே முடியாது. தண்ணீர் புகாமல் காப்பது உள்ளே இருக்கும் ரப்பர் வளையம், அது வருடங்கள் போகப் போகத் தளரும். மூன்று வருட வாட்சோடு வெந்நீரில் குளிப்பது வேண்டாம். சார்ஜர் மாடலுக்கு மாடல் மாறுவதால், வாட்ச் வாங்கும்போதே இன்னொன்று வாங்கி வையுங்கள்.

விலையை மாதத்தால் வகுத்துப் பார்ப்பதும் உதவும். 30,000 ரூபாய் வாட்ச் மூன்று வருடம் வந்தால் மாதம் 833 ரூபாய். அந்தத் தொகைக்கு அது தரும் பயன் தகுமா என்று உங்கள் வீட்டு நிலையை வைத்து நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். தினமும் ஓடுபவருக்கும் இதயக் கோளாறு உள்ளவருக்கும் தகும். மணி பார்க்கவும் வாட்ஸப் செய்தி படிக்கவும் என்றால் எனக்குத் தகாது. 1989-ல் வந்த கேசியோ எஃப்-91டபிள்யூ இன்றும் விற்கிறது, ஒரு பேட்டரி ஏறக்குறைய ஏழு வருடம் வரும்.

அப்பாவுக்கு நடைப்பயிற்சிக் கணக்கு வேண்டும் என்றார். இரண்டு வாரம் சார்ஜ் தாங்கும் சாதாரண ஃபிட்னஸ் பேண்ட் ஒன்றும், கூடவே இன்னொரு சார்ஜரும் வாங்கிக் கொடுத்தேன். அது இடது கையில், எச்.எம்.டி. வலது கையில். பேண்டின் அட்டைப்பெட்டியைத் தூக்கிப்போடாமல், மூடியின் உட்புறம் பேனாவால் மூன்று தேதிகளை எழுதி வைத்திருக்கிறேன்: மாடல் வெளியான மாதம், நாங்கள் வாங்கிய நாள், வாரண்டி முடியும் நாள்.