யுஎஸ்பி ஸ்கோப்: வேகத்தைக் குறைத்தால்தான் சிக்கும்

ரிலேயை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஆன் செய்தால் ஈஎஸ்பி32 மைக்ரோகண்ட்ரோலர் போர்டு தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. எப்போதும் இல்லை, பத்து தடவைக்கு இரண்டு தடவை. 3.3 வோல்ட் சப்ளை கண நேரம் விழுந்து எழுகிறது என்று சந்தேகம். கையில் இருந்தது ஹான்டெக் 6022பிஇ, லேப்டாப்பில் செருகும் இரண்டு சேனல் ஸ்கோப் (வோல்ட் நேரத்தோடு மாறுவதை வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப்). வேகத்தை உச்சத்தில், நொடிக்கு 48 மெகாசாம்பிளில் (4.8 கோடி அளவீடு) வைத்துவிட்டு இரண்டு ராத்திரி கண் விழித்தேன். ஒன்றும் சிக்கவில்லை. வேகத்தைக் கிட்டத்தட்ட நூறில் ஒரு பங்காகக் குறைத்ததும் ரிலேயின் மூன்றாவது கிளிக்கில் சிக்கியது.

காரணம் எளிய கணக்குதான். ஒரு சாம்பிள் 8 பிட், அதாவது ஒரு பைட். இரண்டு சேனல், 48 மெகாசாம்பிள் என்றால் நொடிக்கு 96 மெகாபைட். யுஎஸ்பி 2.0-வின் 480 மெகாபிட் என்பது 60 மெகாபைட். அதிலும் பல்க் முறையில் 125 மைக்ரோநொடிக்கு 512 பைட் பொட்டலங்கள் 13 தான் போகும். பெருக்கினால் சுமார் 53 மெகாபைட். நடைமுறையில் இன்னும் குறையும். மேஜை ஸ்கோப் என்றால் பல லட்சம் சாம்பிளை உள்ளேயே சேர்த்து வைத்து நிதானமாக அனுப்பும். இதற்குள் இருக்கும் சைப்ரஸ் எஃப்எக்ஸ்2 சிப்பில் இடைக்கிடங்கு வெறும் 4 கிலோபைட். மோட்டார் தண்ணீருக்குக் குடம் வைக்காமல் டம்ளரை வைத்த மாதிரி. ஆக உச்ச வேகத்தில் திரையில் தெரிவது துண்டு துண்டான படம். என் 3 மில்லிநொடிப் பள்ளம் அந்தத் துண்டுகளுக்கு நடுவே விழுந்திருக்கிறது.

படி 1: இணைப்பு

பல்ஸ்வியூவை (ஸ்கோப்பின் தரவைக் கணினியில் பதிந்து காட்டும் மென்பொருள்) நிறுவிக்கொள்ளுங்கள். அலையைப் பார்த்துக்கொண்டே இருக்க ஓப்பன்ஹான்டெக் என்ற மென்பொருள் வசதி. பதிவு செய்து பிறகு அலச பல்ஸ்வியூதான் என் தேர்வு.

லினக்ஸில் ஒரு சிக்கல் உண்டு. ஸ்கோப்பைச் செருகியதும் அதற்கான ஃபர்ம்வேரை (கருவிக்குள் ஓடும் நிரல்) மென்பொருள்தான் ஒவ்வொரு முறையும் ஏற்றுகிறது. ஏறியதும் கருவி தன்னைத் துண்டித்துக்கொண்டு வேறு அடையாள எண்ணோடு திரும்பி வரும். யூடெவ் விதியில் (எந்தக் கருவியைத் தொட அனுமதி என்று லினக்ஸுக்குச் சொல்வது) பழைய எண்ணுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் இரண்டாவது முறை கதவு சாத்தப்படும். இரண்டு எண்ணுக்கும் கொடுங்கள். ஹப் வேண்டாம், நேராக லேப்டாப்பில் செருகுங்கள்.

படி 2: இடைவெளி இருக்கிறதா என்று பார்ப்பது

நான் தடுக்கி விழுந்த இடம் இது. ஸ்கோப்பிலேயே 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை தரும் முனை ஒன்று இருக்கிறது. புரோப்பை (ஸ்கோப்பின் அளக்கும் கம்பி) அதில் மாட்டுங்கள். வேகம் 500 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 5 லட்சம் சாம்பிள்), எண்ணிக்கை 1 மில்லியன் சாம்பிள். இரண்டு நொடிப் பதிவு. ஓடவிட்டு, பெரிதாக்கி, ஆரம்பம் முதல் கடைசி வரை தள்ளிக்கொண்டே போங்கள். ஒரு சுற்றுக்கு 500 சாம்பிள் வர வேண்டும். எங்காவது சதுர அலையின் ஒரு படி மட்டும் அகலம் குறைந்து தெரிந்தால் அங்கே தரவு விழுந்திருக்கிறது. அப்புறம் இதையே வேகத்தை ஏற்றி ஏற்றிச் செய்து பாருங்கள். எந்த வேகத்தில் படி உடைகிறதோ அதற்குக் கீழே உள்ளதுதான் உங்கள் கணினியின் உண்மையான எல்லை. பெட்டியில் அச்சடித்த எண்ணை நம்ப வேண்டாம்.

படி 3: வீச்சு

±5 வோல்ட் வீச்சு (ஸ்கோப் அளக்கும் எல்லை) என்றால் 10 வோல்ட்டை 256 படியாகப் பிரிக்கிறது; ஒரு படி சுமார் 39 மில்லிவோல்ட். புரோப் ×10-ல் (வோல்ட்டைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்து அனுப்பும் நிலை) இருந்தால் அதுவே 390 மில்லிவோல்ட் ஆகிவிடும், சின்னப் பள்ளம் ஒரே படிக்குள் மறைந்துவிடும். 3.3 வோல்ட்டுக்கு ×1 போதும். ×10-தான் வேண்டும் என்றால் வீச்சை ±0.5-க்கு இறக்குங்கள்.

படி 4: பிடிப்பது

புரோப் முனை ஈஎஸ்பி32-வின் 3.3 வோல்ட் காலில், கிரவுண்ட் கிளிப் பக்கத்திலேயே இருக்கும் கிரவுண்டில். ரன் அழுத்துங்கள், உடனே ரிலேயைத் தட்டுங்கள். எனக்கு 3.3-லிருந்து 2.3 வரை ஒரு குழி, அகலம் 1500 சாம்பிள், 500 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் அதுதான் அந்த 3 மில்லிநொடி. ரிலேக்கும் போர்டுக்கும் ஒரே சப்ளை, அதுதான் வினை. 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று வைத்தேன், சரியாகிவிட்டது.

பின்சேர்க்கை 1: வேகத்தைக் குறைத்ததும் சப்ளையில் மெதுவான அலை ஒன்று தெரிகிறது என்று ஒருவர் கருத்தில் எழுதியிருந்தார். அது பொய் அலையாக இருக்கலாம். 500 கிலோசாம்பிளில் 250 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்டது எதுவும் குறைந்த அதிர்வெண்ணாக மடங்கி விழும். 499 கிலோஹெர்ட்ஸ் இரைச்சல் 1 கிலோஹெர்ட்ஸ் போலத் தெரியும். வேகத்தை மாற்றிப் பாருங்கள். அலையின் அதிர்வெண்ணும் மாறினால் பொய்.

பின்சேர்க்கை 2: ரிலேயின் 230 வோல்ட் பக்கத்தையும் பார்க்கலாமா என்று இன்னொருவர் கேட்டார். கூடவே கூடாது. கிளிப், யுஎஸ்பி கிரவுண்ட், கணினியின் எர்த் எல்லாம் உள்ளே ஒன்றுதான். கிளிப்பை லைனில் வைத்தால் லேப்டாப்போடு நீங்களும் சேர்ந்து போவீர்கள். ரிலேயின் காயில் (கம்பிச்சுருள்) பக்கத்தோடு, அதாவது அதை இயக்கும் குறைந்த வோல்ட் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.